டிடிஇ மனசு வைத்தால் விடலாமா? எது அவர் கையில், எது இல்லை

கேள்வி: தாம்பரத்திலிருந்து மதுரைக்கு ஓர் இரவு ரயிலில் எனக்கும் அம்மாவுக்கும் ஸ்லீப்பரில் பெர்த் உறுதியாகியிருந்தது. கடைசி நேரத்தில் தம்பியும் வருவதாகச் சொன்னதால் அவனுக்குத் தனியாக ஆன்லைனில் டிக்கெட் எடுத்தோம். சார்ட் போட்ட பிறகும் அது வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. "நம்ம பெர்த்திலேயே உட்கார்ந்து வரட்டும்" என்று ஏற்றிக்கொண்டோம். செங்கல்பட்டு தாண்டியதும் வந்த டிடிஇ, தம்பி டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வதாகச் சொல்லி, எழும்பூரிலிருந்து மதுரை வரை ஸ்லீப்பர் கட்டணமும் அதே அளவு அபராதமும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். விழுப்புரத்தில் அவனைப் பொதுப்பெட்டிக்கு அனுப்பிவிட்டார். அதே பெட்டியில் இன்னொருவரிடம் கட்டண வித்தியாசம் மட்டும் வாங்கிக்கொண்டு பெர்த்தே கொடுத்தார். திரும்பி வரும்போது நானும் அம்மாவும் அடையாள அட்டையை மறந்துவிட்டோம். போனில் எடுத்து வைத்திருந்த ஆதார் படத்தைக் காட்டினேன். அந்த டிடிஇ ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே? மனசு வைத்தால் விடலாம், இல்லாவிட்டால் பிடிக்கலாம் என்பதுதான் சட்டமா? தம்பி கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

வாசகி, மதுரை

பதில்: உங்கள் தம்பியிடம் பணம் வாங்கியது சரி. எவ்வளவு வாங்கினார், எந்த வகுப்புக்கு வாங்கினார் என்பதில்தான் கேள்வி இருக்கிறது. அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் திரும்பக் கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

முதலில் தம்பியின் டிக்கெட். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் உள்ள எல்லாருமே சார்ட் தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தால் அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே திரும்பிவிடும். தம்பி ரயிலில் ஏறும்போது அவர் கையில் இருந்தது டிக்கெட்டே அல்ல, ரத்தான ஒரு டிக்கெட்டின் குறுஞ்செய்தி மட்டும்தான். இதில் டிடிஇ தன் விருப்பப்படி முடிவெடுக்க இடமில்லை. கவுன்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டின் கதை வேறு. அது தானாக ரத்தாகாது. அதை வைத்துக்கொண்டு முன்பதிவில்லாப் பெட்டியில் போகலாம். ஆனால் அதற்கும் ஸ்லீப்பர் பெட்டிக்குள் நின்றுகொண்டு வரக்கூட உரிமை கிடையாது. பயணம் வேண்டாமென்றால் ரயில் புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பே அதை ரத்து செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பணம் திரும்ப வராது.

"எங்கள் பெர்த்தில்தானே உட்கார்ந்தான், யாருக்கு இடைஞ்சல்?" என்று நீங்கள் கேட்கலாம். பெர்த் உங்களுடையதுதான். ஆனால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 55 பெர்த்தைப் பற்றிப் பேசவில்லை. உரிய டிக்கெட்டோ, அதிகாரம் உள்ள ரயில்வே ஊழியரின் அனுமதியோ இல்லாமல் பயணம் செய்வதற்காக யாரும் பெட்டிக்குள் நுழையக் கூடாது, உள்ளே இருக்கவும் கூடாது என்பதுதான் அதன் சாரம். "அனுமதி" என்ற அந்த இரண்டாவது வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிடிஇயின் விருப்புரிமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் குறைவு.

டிடிஇ வாங்குவதை எல்லாரும் அபராதம் என்கிறோம். சட்டம் இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறது. பிரிவு 137, ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர்களுக்கானது. அது குற்ற வழக்கு. நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தனிக் காரணம் எதுவும் இல்லையென்றால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பிரிவு 138, எண்ணம் எதுவாக இருந்தாலும், உரிய டிக்கெட் இல்லாமல் இருந்தாலோ, கேட்டவுடன் காட்டாவிட்டாலோ, டிக்கெட்டில் உள்ளதைவிட உயர்ந்த வகுப்பில் அல்லது கூடுதல் தூரம் போனாலோ கட்டணத்தோடு கூடுதல் தொகை வசூலிக்கச் சொல்கிறது. டிடிஇ ரயிலுக்குள் ரசீது போட்டு வாங்குவது இந்தக் கூடுதல் தொகையைத்தான். அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, அது நீதிபதியின் வேலை.

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பேரில் ஒருவர் 137-க்குள் போவதும் இன்னொருவர் 138-ல் பணம் கட்டிவிட்டு இறங்கிப் போவதும் பெரும்பாலும் டிடிஇயின் மதிப்பீட்டைப் பொறுத்தது. கழிவறைக்குள் ஒளிந்திருந்தாரா, அடுத்தவர் பெயரில் உள்ள டிக்கெட்டைக் காட்டினாரா, தேதியைத் திருத்தினாரா, வேறு பெயர் சொன்னாரா என்று பார்ப்பார். உங்கள் தம்பி மறைக்காமல் பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால் விஷயம் 138-லேயே முடிந்தது. டிடிஇ தன் விருப்புரிமையைத் தம்பிக்குச் சாதகமாகவே ஓரிடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்.

இப்போது தொகைக்கு வருவோம். பிரிவு 138-ன் கணக்கு இப்படி: பயணி இதுவரை வந்த தூரத்துக்கு ஒரு வழிக் கட்டணம், அதோடு கூடுதல் தொகையாக அதே அளவு பணம் அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் இருந்தால் ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்து கணக்கிடலாம். புறப்பட்ட பிறகு ஏற்கெனவே டிக்கெட் பரிசோதனை நடந்திருந்தால், கடைசியாகப் பரிசோதித்த இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

இதில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று "இதுவரை வந்த தூரம்". தம்பி பிடிபட்டது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். எழும்பூரிலிருந்து கணக்கிட்டாலும் அது நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஸ்லீப்பரில் குறைந்தபட்சக் கட்டணத் தூரம் 200 கிலோமீட்டர் என்பதால் அந்த 200 கிலோமீட்டருக்கான கட்டணம் வரும். அது 250 ரூபாய்க்குக் கீழே. ஆகவே கூடுதல் தொகை 250 ரூபாயில் நிற்க வேண்டும். மீதித் தூரத்துக்கு, தொடர்ந்து பயணம் செய்ய விரும்பினால் அதற்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியதுதான். இன்னும் போகாத தூரத்துக்குக் கூடுதல் தொகை கிடையாது. நீங்கள் எழுதியிருப்பதுபோல மதுரை வரையிலான முழுக் கட்டணத்தையும் இரட்டிப்பாக்கியிருந்தால், சட்ட வாசகப்படி அது அதிகம். ரசீதில் கட்டணம் ஒரு தொகையாகவும் கூடுதல் தொகை தனியாகவும் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது எண் 250-ஆ, அதற்கு மேலா என்று பாருங்கள்.

இரண்டாவது சொல் "சந்தேகம்". எழும்பூரா தாம்பரமா என்பதில் உங்கள் விஷயத்தில் பெரிய பணம் இல்லை, சுமார் 25 கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நீண்டதூர ரயில்களில் இது வலிக்கும். புதுடெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் விஜயவாடாவில் ஏறிய ஒருவர் அங்கேதான் ஏறினேன் என்று காட்ட முடியாவிட்டால், டெல்லியிலிருந்து வந்ததாகக் கணக்கிட சட்டம் இடம் தருகிறது. எதை ஏற்பது, எதை நம்பாமல் விடுவது என்பது இங்கே முழுக்க டிடிஇயின் கையில். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இந்த இடத்தில்தான் உதவும். பிளாட்பாரம் டிக்கெட் இருந்தால் ரயிலில் ஏறலாம், கூடுதல் தொகை கிடையாது என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். அது எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதைக் காட்டும், அவ்வளவே. நிலையத்துக் கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டிய நேரமும் இடமும், உடன் வருபவரின் டிக்கெட்டில் உள்ள ஏறும் நிலையம் ஆகியவையும் பேச்சுக்கு உதவும். உங்கள் இருவரின் டிக்கெட்டிலும் தாம்பரம் என்று இருந்ததைக் காட்டிக் கேட்டிருக்கலாம்.

அடுத்தது வகுப்பு. எனக்கு அதிகம் நெருடுவது இதுதான். ஸ்லீப்பர் கட்டணத்தை மதுரை வரை வாங்கிய பிறகு பாதி வழியில் பொதுப்பெட்டிக்கு அனுப்புவது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெர்த் இல்லை, இந்தப் பெட்டியில் இருக்க முடியாது என்பது டிடிஇயின் முடிவு என்றால், விழுப்புரத்துக்கு அப்பால் இரண்டாம் வகுப்பு முன்பதிவில்லாக் கட்டணம்தான் நியாயம். ஸ்லீப்பர் கட்டணம் வாங்குகிறார் என்றால் உட்கார ஓர் இடமாவது தந்திருக்க வேண்டும். ரசீதில் "எங்கிருந்து, எதுவரை, வகுப்பு" என்ற கட்டங்களைப் பாருங்கள். மதுரை வரை ஸ்லீப்பர் என்று இருந்தால் திரும்பக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. விழுப்புரம் வரை ஸ்லீப்பர், அதன் பிறகு இரண்டாம் வகுப்பு என்று பிரித்து எழுதியிருந்தால் டிடிஇ சரியாகவே செய்திருக்கிறார். மொத்தத் தொகையைப் பார்த்து நீங்கள் தவறாக நினைத்திருக்கலாம்.

அந்த இன்னொரு பயணியைப் பற்றி. கட்டண வித்தியாசம் மட்டும் வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். வித்தியாசம் கணக்கிட வேண்டுமென்றால் அவர் கையில் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்று இருந்திருக்க வேண்டும். அநேகமாக முன்பதிவில்லா டிக்கெட்டோடு வந்து, பெட்டிக்குள் உட்காருவதற்கு முன்பே "சார், பெர்த் ஏதாவது காலி இருக்கா?" என்று கேட்டிருப்பார். பிடிபடுவதற்கு முன் கேட்பதும் பிடிபட்ட பிறகு சொல்வதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. கேட்டு அனுமதி பெற்றவர் அனுமதியோடு பயணம் செய்பவர். கட்டண வித்தியாசம் கட்டினால் போதும். கேட்காமல் உட்கார்ந்து பிடிபட்டவர் உயர்வகுப்பில் பயணம் செய்தவர். வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதல் தொகையும் கட்ட வேண்டும்.

டிக்கெட்டே எடுக்க முடியாமல் போனவருக்கும் இந்த வாசல் உண்டு. கவுன்டரில் கூட்டம், ரயில் கிளம்பிவிட்டது என்றால், ஏறுவதற்கு முன்பே வாயிலில் உள்ள டிக்கெட் கலெக்டரிடமோ கார்டிடமோ சொல்லி அனுமதி கேட்கலாம். கார்டுக்கு 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர். கடைசிப் பெட்டியில் இருப்பார். பிரிவு 55-ன் இரண்டாம் உட்பிரிவுப்படி, பிறகு கட்டணம் கட்டும் நிபந்தனையில் அனுமதிக்கப்பட்டார் என்று அவர் சான்று எழுதித் தரலாம். அந்தச் சான்று கையில் இருந்தால் கட்டணம் மட்டும்தான், கூடுதல் தொகை கிடையாது என்று பிரிவு 138 தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழியாக "ஏறிக்கோங்க" என்று யாரோ சொன்னது செல்லாது. எழுதி வாங்க நேரமில்லையென்றால், ஏறியதும் நீங்களே டிடிஇயைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வரும்வரை இருக்கையில் காத்திருக்காதீர்கள். சட்டப்படி அது சான்றுக்கு ஈடாகாது. ஆனால் 137-ஆ 138-ஆ, எந்த நிலையத்திலிருந்து கணக்கு, பெர்த் தரலாமா என்ற எல்லா முடிவையும் அது உங்கள் பக்கம் சாய்க்கும்.

காலி பெர்த்தை டிடிஇ தன் இஷ்டப்படி யாருக்கும் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆர்.ஏ.சி. பயணிகளுக்கு (முழு பெர்த் இல்லாமல் உட்கார மட்டும் இடம் கிடைத்தவர்கள்), பிறகு சார்ட்டில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு, அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. இப்போது பல ரயில்களில் டிடிஇ கையில் வைத்திருக்கும் கருவியில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவாகிறது. காலியிடங்கள் அந்தப் பதிவிலிருந்தே தெரிகின்றன. செங்கல்பட்டில் காலியாகக் கிடந்த பெர்த் விழுப்புரத்தில் ஏறப்போகும் ஒருவருடையதாக இருக்கலாம். நாம் பார்ப்பது காலி இடம். அவர் பார்ப்பது சார்ட். பக்கத்துப் பெர்த் காலி என்பதால் அதை எனக்குத் தர வேண்டும் என்று வாதாடுவது பயன் தராது. "ஆர்.ஏ.சி. எல்லாம் முடிந்ததா? அடுத்து எந்த ஸ்டேஷனில் காலி ஆகும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

டிடிஇ ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்பதற்கு மனிதக் காரணமும் உண்டு. குறைத்து வாங்கிய தொகையைக் கணக்குப் பிரிவு கண்டுபிடித்தால் அது டிடிஇயின் பெயரிலேயே கடனாக எழுதப்படும். பணிக்கு வரும்போது தன் சட்டைப்பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று அவர் எழுதிவைக்க வேண்டும். நடுவழியில் விஜிலன்ஸ் ஏறி எண்ணிப் பார்த்தால் ரசீதுக்கும் பணத்துக்கும் கணக்குப் பொருந்த வேண்டும். டிக்கெட் இல்லாத ஒருவரை இரக்கப்பட்டு விட்டுவிட்ட பெட்டியில் அடுத்த நிலையத்தில் பறக்கும் படை ஏறினால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். அதனால்தான் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரசீது இல்லாமல் முடித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அடுத்த பரிசோதகர் வந்தால் உங்களிடம் ஒன்றுமே இல்லை, முதலிலிருந்து கட்ட வேண்டும்; கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது லஞ்சம்.

விருப்புரிமை துளிகூட இல்லாத இடங்களில் சிறு தொகைக்காகப் பெரிய தொகை கட்டுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் அப்படி ஒன்று. ரயில் எண் 12, 20, 22 என்று தொடங்கினால் பொதுவாக அது சூப்பர்ஃபாஸ்ட். முன்பதிவில்லாப் பெட்டிக்கு அதற்கான கூடுதல் கட்டணம் 15 ரூபாய். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறிவிட்டால் அந்த 15 ரூபாயோடு 250 ரூபாயும் சேரும். டிடிஇக்கு உங்கள் மேல் எவ்வளவு அனுதாபம் இருந்தாலும் 250-க்குக் கீழே எழுத அவருக்கு அதிகாரமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே ரயிலின் எண்ணைச் சொல்லி எடுங்கள்.

அடையாள அட்டை விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிடிஇ ஒன்றும் சொல்லாமல் போனது அவருடைய தயவு. அதை விதி என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை போகாதீர்கள். ஒரே டிக்கெட்டில் உள்ளவர்களில் யாராவது ஒருவரிடம் அசல் அடையாள அட்டை இருந்தால் போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய மாணவர் அட்டை, படத்துடன் கூடிய அரசுடைமை வங்கிப் பாஸ்புக் எல்லாம் ஏற்கப்படும். யாரிடமும் இல்லையென்றால் பெர்த் உறுதியான டிக்கெட்டாக இருந்தாலும் டிக்கெட் இல்லாதவர்களாகவே கருத விதி இடம் தருகிறது. போனில் எடுத்த படமும் ஜெராக்ஸும் அசலுக்கு ஈடில்லை. ஆனால் 2018 முதல் டிஜிலாக்கரில் உள்ள ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் ஏற்கப்படுகின்றன. அதிலும் அரசுத் துறை நேரடியாக வழங்கிய ஆவணங்கள் இருக்கும் பகுதியைத் திறந்து காட்ட வேண்டும். நீங்களே படமெடுத்து ஏற்றிய ஆவணம் செல்லாது. எம்-ஆதார் செயலியும் ஏற்கப்படும். அம்மாவின் போனிலும் உங்கள் போனிலும் இன்றே டிஜிலாக்கரைப் போட்டு வையுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். அடையாள அட்டை இருக்கிறது, போன் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியவில்லை. முன்பதிவு செய்த இ-டிக்கெட்டுக்கு இதற்கென்று தனி விதி உண்டு: சார்ட்டில் பெயர் இருந்து அசல் அடையாள அட்டையும் காட்டினால், ஒரு டிக்கெட்டுக்கு 50 ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். இதற்கு 250 ரூபாய் கேட்டால் மரியாதையாக இந்த விதியை நினைவுபடுத்துங்கள். முன்பதிவில்லா மொபைல் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அதைச் செயலியில் திறந்தே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது, போன் அணைந்தால் டிக்கெட் இல்லை என்றே பொருள்.

தம்பியை விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறக்கவில்லை, வேறு பெட்டிக்குத்தான் அனுப்பினார். இறக்கிவிடும் அதிகாரம் பிரிவு 139-ல் இருக்கிறது. கட்டணமும் கூடுதல் தொகையும் கட்டத் தவறினாலோ மறுத்தாலோ மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். நீங்களும் அம்மாவும் தனியாகப் பயணம் செய்பவர்கள் என்பதால் அதில் உள்ள பாதுகாப்பைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண் துணை இல்லாத பெண்ணையோ குழந்தையையோ பயணம் தொடங்கிய நிலையத்தில், அல்லது ஜங்ஷனில், அல்லது கடைசி நிலையத்தில், அல்லது மாவட்டத் தலைநகர நிலையத்தில் மட்டுமே இறக்கலாம். அதுவும் பகலில் மட்டுமே. நள்ளிரவில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். பிரிவு 139 என்று சொல்லுங்கள். கட்டணம் கட்ட வேண்டிய கடமை அதனால் போய்விடாது, இறக்குவதுதான் கூடாது. உயர்வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட பயணி, தன் டிக்கெட்டுக்குரிய வகுப்பில் தொடர்ந்து போவதையும் இந்தப் பிரிவு தடுக்கவில்லை.

ரயிலுக்குள் தகராறு வந்தால் என்ன செய்ய வேண்டும்? கேட்ட தொகை அதிகம் என்று தோன்றினாலும் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். கட்டும் முன் மூன்று கேள்விகள் போதும்: எந்தப் பிரிவில் எழுதுகிறீர்கள், எந்த நிலையத்திலிருந்து கணக்கு, கட்டணமும் கூடுதல் தொகையும் தனித்தனியே எவ்வளவு. இதைக் கேட்கும் பயணியிடம் தோராயமாக ஒரு தொகையைச் சொல்ல யாரும் தயங்குவார்கள். குரலை உயர்த்தி வழிமறித்தால் பிரிவு 146-ல் ஊழியரைத் தடுத்த குற்றம் வந்து சேரும். அதற்கும் 6 மாதம் வரை சிறை உண்டு. பணமே இல்லையென்று மறுத்தால் விஷயம் நீதிபதியிடம் போகும். கட்டத் தவறினால் 10 நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறைக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பர்ஸ் தொலைந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிட்டு யுபிஐயில் கட்டச் சொல்வது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் பணம். ரசீதைப் பார்த்து, கூடுதல் தொகை 250-க்கு மேல் இருந்தாலோ, பொதுப்பெட்டிக்கு அனுப்பிய பிறகும் மதுரை வரை ஸ்லீப்பர் என்று எழுதியிருந்தாலோ, ரயில்வேயின் புகார் தளமான 'ரயில்மதத்'திலோ 139 என்ற தொலைபேசி எண்ணிலோ முதலில் புகாரைப் பதியுங்கள். புகார் எண் கிடைக்கும். தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று ஆறு கோட்டங்கள் உள்ளன. ரசீது எந்தக் கோட்டத்து டிடிஇ எழுதியது என்று பார்த்து, அந்தக் கோட்டத்தின் முதுநிலை வணிக மேலாளருக்கு ஒரு கடிதமும் அனுப்புங்கள். டிடிஇ கடுமையாக நடந்தார், மற்றவருக்கு மட்டும் பெர்த் கொடுத்தார் என்று எழுதத் தொடங்கினால் கடிதம் நடத்தை பற்றிய புகாராக மாறி, பணம் மறந்துபோகும். இப்படி எழுதுங்கள்: ரயில் எண், தேதி, பெட்டி, ரசீது எண், பிடிபட்ட இடம், கட்டிய தொகை. பிறகு மூன்றே வாக்கியங்கள். "பிரிவு 138-ன்படி கூடுதல் தொகை வந்த தூரத்துக்கே கணக்கிடப்பட வேண்டும். விழுப்புரத்தில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு மாற்றப்பட்டதால் அதற்கப்பால் ஸ்லீப்பர் கட்டணம் பொருந்தாது. வித்தியாசத்தைத் திருப்பித் தரக் கோருகிறேன்." உங்கள் இருவரின் டிக்கெட் நகல், தம்பியின் ரத்தான டிக்கெட், ரசீது மூன்றையும் இணையுங்கள். மறுத்தால், கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குகளை 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. சென்னையில் அதன் அமர்வு உண்டு. உங்கள் தொகைக்கு அதுவரை போவது அலைச்சலுக்குக் கட்டுபடியாகாது என்பது என் கருத்து. கோட்ட அலுவலகத்துக் கடிதத்தோடு முயற்சியை நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த பயணத்துக்கு ஒரு யோசனை. மூவருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, அதில் ஒருவருக்காவது உறுதியாகவோ ஆர்.ஏ.சி.யாகவோ வந்திருந்தால் அந்த டிக்கெட் தானாக ரத்தாவதில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவரின் பெயரும் சார்ட்டில் வரும். பெர்த் உரிமை கிடைக்காது, ஆனால் காலியிடம் வந்தால் வரிசையில் அவருக்கும் இடமுண்டு. கடைசி நேரத்தில் சேருபவருக்கு, சார்ட் போட்ட பிறகு மிஞ்சும் இடங்களை விற்கும் கரன்ட் புக்கிங்கை முயன்று பாருங்கள். இரண்டாவது சார்ட் போடும்வரை அது திறந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் தம்பிக்கு முன்பதிவில்லா டிக்கெட் ஒன்றை ரயில் எண் சொல்லி எடுத்துக் கொடுத்து, தாம்பரத்தில் பொதுப்பெட்டியில் ஏறச் சொல்லுங்கள். விழுப்புரத்தில் ரயில் நிற்கும்போது அவர் பிளாட்பாரத்தில் இறங்கி வந்து டிடிஇயிடம் பெர்த் கேட்கலாம். கிடைத்தால் கட்டண வித்தியாசத்தோடு முடிந்துவிடும்.